வண்டி ஓடியும் பின் பேட்டரி ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே காரைக்குடியில் எங்கள் பட்டறை வாசலில் வேன்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்துவிடும். குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடியோடு சாமானும் மருந்தும் தண்ணீரும் ஏற்றிப் போகிற வண்டிகள் அவை. இன்ஜின் பேட்டரி போக, பின்னால் இன்னொரு பேட்டரி இருக்கும். ராத்திரி லைட், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், நடக்கிறவர்களுடைய போன் சார்ஜ் எல்லாம் அதில்தான். வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து அது ஏற வேண்டும். ஆல்டர்னேட்டர் என்பதுதான் சரியான பெயர். எங்கள் பக்கம் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது வேனையே வீடாக்கி, படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் வருகிறார்கள். கானாடுகாத்தான் வீடுகளையும் திருமயம் கோட்டையையும் பார்த்துவிட்டு ராத்திரி வண்டியிலேயே தூங்குகிறவர்கள். அவர்கள் வண்டியும் இந்த வண்டியும் வேறு வேறு, வருகிற பழுது ஒன்றேதான்.

போன வருடம் ஓர் ஆச்சி வேனோடு வந்து நின்றார். “தம்பி, மூணு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. ராத்திரி எட்டு மணிக்கே லைட்டு மங்கிப்போகுது. இதுவும் போச்சுன்னு சொல்லிடாதே” என்றார். அந்தப் பேட்டரி போகவில்லை. முன்னால் கழற்றிப் போட்ட இரண்டும்கூடப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்க்காமல் பேட்டரியை மாற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கிற மிகப் பெரிய பண விரயம். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான்கு அளவுகள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆம்பியர் பார்க்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது.

வண்டியை அணைத்து, பின்பக்க லோடு எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு இரண்டு பேட்டரியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் பட்டினி கிடக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது பெரும்பாலான நேரம் 13.2 பக்கத்திலேயே நிற்கும், வோல்ட்டை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

அடுத்து இன்ஜினை ஓட்டி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து 1500 ஆர்பிஎம் பக்கம் வைத்து மறுபடியும் இரண்டையும் அளங்கள். முன் பேட்டரியில் 13.8-லிருந்து 14.4-க்குள் வர வேண்டும். பின் பேட்டரியில் அதைவிட 0.2, 0.3 குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தொலைகிறது.

மீட்டர் முனையை வயர் லக்கின் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) மேல் வைக்காதீர்கள். பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். லக்குக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் பாதி பழுது ஒளிந்திருக்கும்.

நாள் முழுக்க ஓட்டியும் ராத்திரி சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது

பத்து வண்டியில் ஏழு வண்டி இந்தக் குறையோடுதான் வருகிறது.

முன் பேட்டரியிலேயே 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் பின்னால் போகவே வேண்டாம், பழுது முன்னால் இருக்கிறது. பெல்ட்டைப் பாருங்கள். ஐப்பசி மழையில் காலையில் கிளப்பியதும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். பெல்ட் சரியாக இருந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஓடும் இன்ஜினில் பேட்டரியை அளங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் டைனமோவுக்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு ஒன்று போயிருக்கலாம். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் அடுத்த அறிகுறியைப் படித்துவிட்டு டைனமோவில் கை வையுங்கள்.

முன்னால் 14.2, பின்னால் 13.2 என்று வந்தால் அந்த 1 வோல்ட்டைத் தேட வேண்டும். இன்ஜின் ஓடி, பின் பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போதே தேடுங்கள். ஆம்பியர் ஓடாதபோது எந்த வயரும் நல்ல வயர்தான். மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பின் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். மீட்டர் வயர் எட்டாது, நாலைந்து மீட்டர் சாதாரண வயரை ஒட்டுப்போட்டு நீட்டிக்கொள்ளலாம். வருகிற எண்தான் பிளஸ் பக்க நஷ்டம். பிறகு மைனஸுக்கும் மைனஸுக்கும் அதேபோல. எந்தப் பக்கம் எண் பெரிதோ அந்தப் பக்கம் போங்கள்.

ஆச்சியின் வேனில் பிளஸ் பக்கம் 0.15 தான். மைனஸ் பக்கம் 0.74. பின் சீட்டைத் தூக்கினால், பேட்டரியின் எர்த் வயர் தரைத் தகட்டில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினேன். லக்குக்கு அடியில் வண்டியின் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருந்தது, அதன் மேல் மாவு மாதிரி செம்மண் தூசி. போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் இத்தனை நாளும் எர்த் போயிருக்கிறது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.06. பேட்டரி அதே பேட்டரி. ஆச்சி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்த் போல்ட் சரியாக இருந்தால் அடுத்து லக்கைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் கையோடு வந்துவிடும். உள்ளே கம்பி பச்சை பூத்திருக்கும். சரியான கிரிம்பிங் டூல் வைத்திருக்கிறவரிடம் போய் நசுக்குங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டு வாஸ்லின் தடவுங்கள். திறந்த பேட்டரியாக இருந்தால் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சோடா ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

அதுவும் சரி என்றால் வயர்தான் ஒல்லி. முன் பேட்டரியிலிருந்து பின் பேட்டரிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 30 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 ஸ்கொயர் என்றால் 0.32, 25 ஸ்கொயர் என்றால் 0.2. ஒல்லி வயரில் 30 ஆம்பியர் ஏற வேண்டிய இடத்தில் 10, 12 தான் ஏறும். பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் குறையும், அதோடு நஷ்டமும் குறையும், கடைசியில் நிறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் நீங்கள் போகிற ஊர் வந்துவிடும்.

வயர் வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடிமன் ஒன்றாக இருந்தாலும் நஷ்டம் அதிகம், லக்கிலும் நாளடைவில் தளர்ந்துவிடும். வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பழுதே இல்லாமலும் இருக்கலாம், நேரம் போதவில்லை என்பதுதான் காரணம். எங்கள் பக்கம் பலரும் வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அது மெதுவாகத்தான் சாப்பிடும். அதன் அளவுக்கு 15 ஆம்பியர் பக்கம்தான் சரியான சார்ஜ். பாதி தீர்ந்த பேட்டரிக்கு 75 ஏஎச் திரும்ப வேண்டும், நஷ்டத்தையும் சேர்த்தால் 90. அதாவது 6 மணி நேரம் ஓட வேண்டும், கடைசிப் பங்கு இன்னும் மெதுவாக ஏறும். காரைக்குடியிலிருந்து மதுரை 2 மணி நேரம். 30 ஏஎச் ஏறினால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் சுற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நாள் முழுக்க வண்டியில்தான் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயிலுக்கு அதிக தூரம் கிடையாது. ஓடுவது கொஞ்சம், நிற்பது அதிகம். நிற்கும்போது ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டாலும் ஐடிலிங்கில் டைனமோ, அதன் மேல் எழுதியிருக்கிற ஆம்பியரில் பாதி கொடுத்தாலே பெரிது. அதையும் ஏசி ஃபேனே எடுத்துக்கொள்ளும். பாதயாத்திரை வண்டி நடக்கிறவர்கள் வேகத்தில் ஊர்கிறது, அதற்கு இன்னும் மோசம். இப்படிப்பட்ட வண்டிக்கு நான் டைனமோவை நம்பச் சொல்வதில்லை. கூரையில் ஒரு சோலார் பேனல் வையுங்கள், அல்லது ராத்திரி தங்கும் மடத்தில் கரண்ட் சார்ஜர் போடுங்கள்.

கிளப்பியதும் ஏறுகிறது, மெயின் ரோட்டில் ஏறினால் நின்றுவிடுகிறது

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்த பிறகு இந்த அறிகுறி அதிகமாகிவிட்டது. புது வண்டிகள் பலவற்றில் டைனமோவின் வோல்ட்டை இன்ஜின் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. முன் பேட்டரி நிறைந்ததும் டீசலை மிச்சப்படுத்த வோல்ட்டை 12.5 பக்கம் இறக்கிவிடும். காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்போது 14.8, 15 என்று ஏற்றும்.

முன் பேட்டரியின் வோல்ட் ஏறியதும் இரண்டு பேட்டரியையும் தானாகச் சேர்த்து, இறங்கினால் பிரித்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. பழைய முறைப்படி அப்படி வோல்ட் பார்த்துச் சேர்க்கும் ரிலே போட்டிருந்தால் இங்கே சிக்கல். அந்த ரிலே பெரும்பாலும் 13.3-இல் சேரும், 12.8-இல் பிரியும். கம்ப்யூட்டர் 12.5-க்கு இறக்கினால் ரிலே விட்டுவிடும். டைனமோவும் நன்றாக இருக்கிறது, ரிலேயும் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, அவ்வளவுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு வோல்ட் மீட்டரைச் செருகி, திருமயம் வரை ஓட்டிப் போய் வாருங்கள். எண் இறங்கி ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

இதற்கு டிசி-டு-டிசி சார்ஜர் ஒன்றுதான் வழி. முன்னால் 12.5 வந்தாலும் 15 வந்தாலும் பின்னால் 14.4 கொடுக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரிலிருந்து அதற்கு சிக்னல் கொடுக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டினால் கம்ப்யூட்டர் வோல்ட்டை இறக்காது என்று சிலர் சொல்வார்கள். சில வண்டியில் நடக்கும். அதை நம்பி வண்டி கட்டாதீர்கள்.

ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது

ரிலே சேர்ந்ததும் பசித்த பின் பேட்டரி ஆம்பியரை இழுக்கும். ரிலேக்கு வரும் வயர் ஒல்லியாகவோ லூஸாகவோ இருந்தால் அந்த இடத்தில் வோல்ட் 12.8-க்குக் கீழே விழும், ரிலே பிரியும். பிரிந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி சேரும். ரிலேயைக் குறை சொல்லாமல் முன் பேட்டரியிலிருந்து ரிலே வரையுள்ள வயரையும், ரிலேயின் மெல்லிய எர்த் வயரையும் பாருங்கள். அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் உள்ளே தொட்டு விலகும் பாயின்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த பழுதில் கொண்டுபோய் விடும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

பின்பக்கம் ஃபேன் ஓடியதற்கு முன் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்றால் இரண்டும் பிரியவில்லை. சாவியை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு லைட்டைப் போட்டு, கால் மணி நேரம் கழித்து இரண்டையும் அளங்கள். இரண்டாம் தசமம் வரை ஒரே எண் வந்தால் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. ரிலேயின் பெரிய வயரில் ஒன்றைக் கழற்றுங்கள், ஸ்பேனர் பாடியில் படாமல் பார்த்துக்கொண்டு. கழற்றியதும் எண்கள் பிரிந்தால் பாயின்ட் ஒட்டிவிட்டது. புது ரிலே போடுங்கள், தட்டிச் சரிசெய்யும் வேலை வேண்டாம்.

சாவி வயரில் ஓடும் சாதாரண ரிலே என்றால், அந்த வயர் உண்மையிலேயே சாவியோடு அணைகிறதா என்று பாருங்கள். பாட்டுப்பெட்டிக்குப் போகும் வயரிலிருந்து எடுத்திருப்பார்கள். சில வண்டியில் அது எப்போதுமே உயிரோடு இருக்கும்.

ஃபியூஸ் போகிறது, அல்லது ஃபியூஸ் ஹோல்டர் உருகுகிறது

இவை இரண்டும் வேறு வேறு பழுது. ஃபியூஸ் முழுசாக இருந்து ஹோல்டர் மட்டும் உருகியிருந்தால் உள்ளே தொடர்பு லூஸ். சின்ன பிளேடு ஃபியூஸில் 30 ஆம்பியரை மணிக்கணக்கில் ஓட்டினால் ஹோல்டர் தாங்காது. போல்ட் போட்டு இறுக்கும் பெரிய ஃபியூஸுக்கு மாறுங்கள்.

செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஃபியூஸ் போனால், அந்த நேரத்தில் ரிலே சேர்ந்தே இருக்கிறது, செல்ஃப் மோட்டார் பின் பேட்டரியிலிருந்தும் இழுக்கிறது. பின்னால் லித்தியம் மாற்றிய வண்டியில் இதைப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் வோல்ட் பார்க்கும் ரிலே, லித்தியத்தின் 13.2-ஐப் பார்த்து ராத்திரி முழுக்கப் பிரியாமலே இருக்கும்.

டிசி-டு-டிசி சார்ஜரில் 30 ஆம்பியர் என்று போட்டிருப்பது பின்னால் கொடுப்பது. உள்ளே இழுப்பது 37 பக்கம் வரும். உள்வரும் பக்கத்துக்கு 50 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கேற்ற வயரும் வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். கம்பி சுற்றவே சுற்றாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, வயர் போவது நீங்கள் படுத்துத் தூங்கும் பலகைக்கு அடியில். இரண்டு பேட்டரிக்கும் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், தனித்தனி ஃபியூஸ் வேண்டும். நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் இரண்டு பேட்டரியுமே அந்த இடத்துக்குத் தீனி போடும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் உள்ள வண்டியை நான் அப்படியே திருப்பி அனுப்புவதில்லை.

பேட்டரி சூடாகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

நாற்றம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து விடுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வருவது எரியும் வாயு. அந்த வாயு வெளியே போன பிறகு வயரைக் கழற்றுங்கள்.

ஆறவிட்டு அளந்தால் 10.5 பக்கம் காட்டுகிறதா? ஆறு செல்லில் ஒன்று ஷார்ட். மிச்ச ஐந்து செல்லுக்குள் டைனமோ 14 வோல்ட்டைத் திணித்திருக்கிறது, அதனால்தான் கொதித்திருக்கிறது. உண்மையிலேயே மாற்ற வேண்டிய பேட்டரி இதுதான்.

12.7 காட்டினால் வோல்ட் அதிகமாகிறதா என்று பாருங்கள். ஓட்டத்தில் 14.8-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கலாம். தாண்டாவிட்டாலும் எங்கள் ஊர் வெயிலுக்கு அது அதிகமாக இருக்கலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத்தான் காரைக்குடியில் சிக்ரி என்கிறோம். ஸ்கூட்டருக்கு ஹாரன் மாற்ற வந்தவர், பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். ஆறு செல்லுக்கு 24. பேட்டரிப் பெட்டிக்குள் 40 டிகிரி என்றால் 15 டிகிரி கூடுதல், 0.36 வோல்ட் குறைய வேண்டும். 14.4 என்பது 14.04 ஆகிவிடும். சித்திரையில் மூடிய பெட்டிக்குள் 40-க்கு மேலேயே போகும். அதனால் வெப்பம் பார்க்கும் சென்சாரை பேட்டரி மேல் ஒட்டக்கூடிய சார்ஜராக வாங்குங்கள். டியூபுலர் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள், வாயு வெளியே போக ஒரு குழாய் வையுங்கள், சாயாமல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

லித்தியம் போட்ட பிறகு டைனமோ கொதிக்கிறது, சார்ஜர் பாதியில் இறங்குகிறது

லெட் ஆசிட் பேட்டரி நிறைய நிறைய வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை கொடுப்பதையெல்லாம் வாங்கும். நேரடியாக ரிலேயில் சேர்த்தால், ஐடிலிங்கில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ முழு ஆம்பியரும் கொடுத்து வெந்துபோகும். நிறைந்ததும் லித்தியத்தின் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) சட்டென்று துண்டித்தால், அந்த நொடியில் எழும் வோல்ட் டயோடையும் அடிக்கும். லித்தியத்துக்கு இடையில் டிசி-டு-டிசி சார்ஜர் இல்லாமல் நான் வேலை எடுப்பதில்லை. டைனமோ 100 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர் சார்ஜர் போதும்.

சார்ஜர் போட்டும் ஆரம்பத்தில் 30, அரை மணி நேரத்தில் 15 என்று இறங்கினால் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தாங்காமல் அதுவே குறைத்துக்கொள்கிறது. தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு வேனில் அதை பானெட்டுக்குள், இன்ஜினுக்கு ஒரு முழம் தள்ளி மாட்டியிருந்தார்கள். கழற்றி, டிரைவர் சீட்டுக்குக் கீழே, சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு, அதன் தகட்டு மடிப்புகள் நேர்நிமிர்ந்து நிற்கும்படி மாட்டினோம். வைகாசி வெயிலில் மதுரை வரை ஓட்டிவிட்டு அந்தத் தம்பி போன் செய்தார், 29-க்குக் கீழே இறங்கவில்லை என்று.